ஆளில்லாத இடத்தில் ஒரு ரத்தக்காட்டேரி

என் மைத்துனனுக்குக் குறும்படம் எடுக்கும் வியாதி வந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஒட்டிய கன்னம், துருத்திய கழுத்தெலும்பு. ஒரு ஞாயிறு காலை நான் இட்லி சாப்பிடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "மாமா, உங்களுக்கு மேக்கப்பே வேணாம்" என்றான்.

கதை இதுதான். மழையில் வழி தவறிய ஒரு பெண், ஆள் அரவமே இல்லாத வெளி, பாழடைந்த ஒரு கட்டடம், உள்ளே ரத்தம் குடிக்கும் நான். வழி தவறுபவளாக அவன் மனைவி நடிப்பாள் என்றான். என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

ஆளில்லாத இடம் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கீழக்குயில்குடியில் மலையேற வந்தவர்கள் வரிசையாக நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழகர்கோவில் அடிவாரத்தில் குரங்கு எங்கள் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு போனது. கடைசியில் உசிலம்பட்டிக்கு மேற்கே, மானாவாரிக் காட்டு நடுவில், வற்றிப்போன கிணற்றோரம், கூரை போன ஒரு மோட்டார் ரூம் அகப்பட்டது. அங்கே மழைக்கு வழியில்லை என்பதால் அந்தப் பெண் வெயிலிலேயே வழி தவறட்டும் என்று முடிவானது. பகலில் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் இருட்டாக்கிக்கொள்ளலாம் என்றான் மைத்துனன்.

சபரிமலைக்கு மாலை போட்டபோது கட்டிய கறுப்பு வேட்டிதான் எனக்கு அங்கி. ஐயப்பன் மன்னிக்கட்டும். பல்செட் செய்யும் நண்பர் ஒருவர் இரண்டு கோரைப்பற்கள் செய்து கொடுத்திருந்தார். அவற்றைப் பசை தடவி ஒட்டிக்கொண்டு, வாயோரம் பீட்ரூட் சாறு வழிய நின்றேன். பத்து நிமிடத்தில், ஆளில்லாத அந்த இடத்தில் ஒன்பது பேர் கூடிவிட்டார்கள். ஆடுகள் தனி.

ஆடு மேய்க்க வந்த அம்மா, நான் யார் என்று விசாரித்தார். ராத்திரியில் ரத்தம் குடிக்கிற பேய் என்று மைத்துனன் விளக்கினான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரத்தம் குடிச்சுமா இம்புட்டு வத்தலா இருக்காரு?"

கூட்டம் சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த ஷாட்டில் வேட்டியை விரித்து, சீறிக்கொண்டு, நிஜமாகவே பயமுறுத்தும்படி மைத்துனன் மனைவி மேல் பாய்ந்தேன். கூட்டத்தில் யாரும் அசையவில்லை. ஆட்டுக்குக் காவலாக வந்த நாய் மட்டும் அதை நம்பிவிட்டது. ஓடி வந்து என் கெண்டைக்காலைக் கவ்வியது. நான் போட்ட அலறலில் ஆடுகள் சிதறின.

அந்தக் கோலத்திலேயே பைக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் என் வாயைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மைத்துனனிடம் திரும்பினார்.

"இதுல யாரு யாரைக் கடிச்சது?"

பல்லைக் கழற்றாமல் நான் சொன்ன பதில் எனக்கே புரியவில்லை. அவர் காயத்தைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினார். ஊசியைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மைத்துனன் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் சில தடவை வர வேண்டும் என்று சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தார்.

படம் இணையத்தில் வெளிவந்தது. நாய் வந்த இடத்தை வெட்டிவிட்டு, என் அலறலை மட்டும் எடுத்துக் கொஞ்சம் மெல்லிய குரலாக்கி, தன் மனைவிக்கு வைத்திருந்தான். அவள் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறாள் என்று பார்த்தவர்கள் எழுதினார்கள். என்னைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை.

ஒவ்வொரு ஊசிக்கும் அரைநாள் விடுப்பு எடுத்தேன். நாய் எப்படிக் கடித்தது என்று மேலாளர் கேட்டபோது, தெருவில் நடந்து போகும்போது என்று சொல்லிவிட்டேன்.