ஹெல்மரின் தாத்தா தின்ற உருண்டைகள்

ஹெல்மரின் தாத்தா நில்ஸ், பத்து வயதில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து முப்பத்தொரு பால்ட் தின்றார். உருளைக்கிழங்கு மாவுக்குள் பன்றிக் கொழுப்பை வைத்துக் கைமுட்டி அளவுக்கு உருட்டி வேகவைப்பதுதான் பால்ட். நன்றாகத் தின்கிற ஆண்களே நாலு தின்றதும் படுக்க இடம் தேடுவார்கள்.

நான் சிறு பெண்ணாக இருந்தபோது கேட்ட கதையில் உருண்டைகள் பதினாறுதான். ஹெல்மர் சொல்லச் சொல்லக் கூடிக்கொண்டே போயின. எங்கள் ஆற்றோரத்தில் பார்லிகூட அப்படி விளைந்ததில்லை.

ஹெல்மர் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, சின்னக் குரல், சர்க்கரை வியாதி. மனைவி போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அவருக்குத் தீரா மேல் ஆசை. தீரா எங்கள் ஊர்ச் சாலைகளில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவள். இரண்டு கணவர்களைப் புதைத்தவள். அவள் வண்டி வருகிற நேரம் பார்த்து ஹெல்மர் மண்வெட்டியோடு வாசலில் நிற்பார். ஏற்கெனவே வாரிய இடத்தையே திரும்ப வாருவார். அவள் கையை அசைப்பாள். வண்டி தள்ளிவிட்டுப் போகும் பனி அவர் வாசலை மறுபடி மூடும். அதில் அவருக்கு மகிழ்ச்சி. நாளைக்கும் வேலை இருக்கிறதே.

அந்தக் குளிர்காலத்தில் தெற்கிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். எங்கள் முன்னோர்கள் எந்த வருடம் வயிறார உண்டார்கள், எந்த வருடம் பட்டினி கிடந்தார்கள் என்று ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர். தேவாலயச் சபைக்கூடத்தில் பேசினார். நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"உங்க மரபணு அப்படியேதான் இருக்கு. ஆனா அதுல எது பேசணும், எது வாய மூடிக்கிட்டு இருக்கணும்னு உடம்புக்குள்ள ஒரு ஏற்பாடு உண்டு. சாப்பாடு, பட்டினி, புகையிலை எல்லாம் அந்த ஏற்பாட்டத் தொடும். அந்தத் தடம் சில சமயம் பேரன் வரைக்கும் போகுதோன்னு பாக்கறோம். இந்தப் பக்கத்துல, மளமளன்னு வளர்றதுக்கு முந்தின வயசுல வயிறு முட்டத் தின்ன பசங்களோட மகன் வழிப் பேரன்கள் சீக்கிரம் போயிருக்காங்க. பட்டினி கிடந்தவங்களோட பேரன்கள் கொஞ்சம் கூடுதல் காலம் இருந்திருக்காங்க. சராசரியாத்தான் சொல்றேன். தனி ஒரு ஆளுக்கு இதை வெச்சு ஜோசியம் சொல்ல முடியாது. புரியுதுங்களா?"

எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தோம். எங்கள் பக்கத்தில் ஆமாம் என்பதை அப்படித்தான் சொல்வோம். டாக்டரம்மா திடுக்கிட்டு, காற்று போதவில்லை போலும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டார். வெளியே கடுங்குளிர். பாதிக் கூட்டம் கலைந்தது. சராசரி என்ற சொல்லும் கோட்டு மாட்டுகிற இடத்தோடு நின்றுவிட்டது.

போகிற போக்கில் ஒருவர் கேட்டார்: "அப்போ நான் சின்னதுல தின்ன பன்னிக்கறிக்கு எவன் சாகணும்?"

அன்றோடு ஊர் தலைகீழானது. அதுவரை தங்கள் தாத்தா வீட்டில் வெண்ணெய் வழிந்தது என்று சொன்னவர்கள், அந்த வீட்டில் எலிகூட விரதம் இருந்தது என்றார்கள். முன்னோரின் வறுமையில் போட்டி வந்தது.

மறுவாரம் ஹெல்மர் துணிந்து, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று தீராவிடம் கேட்டுவிட்டார். தீரா வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினாள்.

"ஹெல்மர், ரெண்டு பேரைப் புதைச்சாச்சு. மூணாவது ஆளைப் புதைக்க எனக்குத் தெம்பு இல்ல. தாத்தா பட்டினி கிடந்த எவனாவது இருந்தா வரச் சொல்லு. உன் தாத்தா கதைய நீதானே ஊருக்கெல்லாம் சொன்னே?"

"அது... கொஞ்சம் கூட்டிச் சொன்னேன் தீரா."

"எவ்வளவு கூட்டி?"

அதற்குள் பின்னால் பால் வண்டி வந்து ஒலி எழுப்ப, அவள் போய்விட்டாள்.

அதிலிருந்து நில்ஸ் தாத்தா உண்பதைக் குறைத்தார். கடையில் ஹெல்மர் சொன்ன கதையில் அவர் தின்றது பன்னிரண்டு. நீராவிக் குளியலில் எட்டு. அஞ்சல் கொண்டுவருகிறவளிடம் மூன்று, அதுவும் கொழுப்பில்லாமல். பாவம், செத்து இத்தனை காலத்துக்குப் பிறகு அவருக்குப் பத்தியம். ஹெல்மர் கல்லறைக்குப் போய், "கொஞ்சம் நிறுத்திச் சாப்பிட்டிருக்கக் கூடாதா?" என்று கல்லிடம் கேட்டதை நானே பார்த்தேன்.

போட்டிக்கு ஆர்விட் வந்தான். குச்சி மாதிரி உடம்பு, தேனீ வளர்ப்பவன், அவனுக்கும் தீரா மேல் கண். அவன் தாத்தா பஞ்சத்தில் பைன் மரப்பட்டையை இடித்து ரொட்டி சுட்டுத் தின்றவர். அது நிஜம். ஞாயிற்றுக்கிழமை சபைக் காப்பிக்கு அவன் அப்படி ஒரு ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தான். நான் வைத்திருந்த ஏழு வகைப் பலகாரங்களுக்கு நடுவில் அது கூரை ஓடு மாதிரி கிடந்தது.

"எங்க பரம்பரை இதைத் தின்னு வளர்ந்தது. எங்க அப்பா சாகவே மறந்துட்டார்னு சொல்லுவாங்க" என்றான் ஆர்விட்.

"கடிச்சுக் காட்டு" என்றாள் தீரா.

கடித்தான். வெகுநேரம் மென்றான்.

ஹெல்மர் கோப்பையை வைத்தார். "எங்க தாத்தா அன்னிக்குத் தின்னவே இல்ல தீரா. பானைப் பக்கம் நின்னு மோந்து பாத்தாரு. அவ்வளவுதான்."

கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. முழுப் பொய்யைச் சொல்லிவிட்டு அவர் மூக்கு நுனிவரை சிவந்திருந்தார். அவர் முன்னால் தட்டில் சர்க்கரை தூவிய ஏலக்காய் ரொட்டி ஒன்றே ஒன்று மிச்சம். கடைசித் துண்டை எங்கள் ஊரில் யாரும் எடுப்பதில்லை. ஒருவர் பாதி வெட்டுவார், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. கடைசியில் ஒரு பொடி கிடக்கும். அதை நான் குருவிக்குப் போடுவேன். ஒரு பாதிரியார் வெட்டாமல் எடுத்தார் என்று அவரை இன்றும் பேசுகிறோம்.

ஹெல்மர் அந்த ரொட்டியை எடுத்தார். முழுதாக வாயில் போட்டார். யாரோ "ஐயோ" என்றார்கள்.

மென்று விழுங்கிவிட்டு அவர் சொன்னார்: "பொய். தாத்தா தின்னாரு. பதினாறுன்னு எங்கப்பா சொன்னாரு; மிச்சத்த நான் சேத்தேன். நானும் திங்கறவன்தான். எத்தனை வருஷம் இருப்பேன்னு தெரியாது. இருக்கற வரைக்கும் உன் வண்டிக்காக வாசல்ல நிப்பேன்."

ஆர்விட் வாயில் பட்டை ரொட்டியோடு பேசினான்: "பாத்தியா? நீ யோசிக்கவே வேண்டாம் தீரா. உன் வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் எங்கள மாதிரி பட்டை தின்ன வம்சம். நல்ல ரத்தம்!"

தீரா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமா, ரெண்டு பேரும் அந்த வம்சம்தான். ஒருத்தன் ஆத்துல பனிக்கட்டி உடைஞ்சு போனான். இன்னொருத்தன் காரு முன்னால காட்டு மான் வந்து நின்னுச்சு. மான் என்ன, தாத்தா யாருன்னு விசாரிச்சா வந்துச்சு?"

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது போலிருந்தது. ரெண்டு பேரும் ஒருநாளும் கடைசித் துண்டை எடுத்ததில்லை என்று மெதுவாகச் சொன்னாள்.

"என்ன தீரா சொல்ற?" என்றார் ஹெல்மர். தாடையில் சர்க்கரை ஒட்டியிருந்தது.

தீரா மூச்சை உள்ளே இழுத்தாள்.

கல்யாணம் பனி உருகும் காலத்தில் நடந்தது. பால்ட் நான் செய்தேன். தீரா அவருக்கு இரண்டுதான் வைத்தாள். அதன் பிறகு அவரை நடக்க வைத்தாள், மாத்திரையை எதிரில் நின்று விழுங்க வைத்தாள். காப்பிக்குப் பல்லிடுக்கில் வைக்கும் சர்க்கரைக் கட்டியைப் பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் பாலாடைக்கட்டியை வைத்தாள். அவர் இளைத்தார், புலம்பினார், இருந்தார்.

போனது தீராதான். ஒரு நவம்பரில் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது ஆளை அவள் புதைக்க வேண்டி வரவில்லை. அவளுடைய பாட்டி என்ன தின்றாள் என்று எங்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

அடக்கம் முடிந்து சபைக்கூடத்தில் காப்பி. ஏழு வகை வைத்தேன். பேச்சு தீர்ந்து, தட்டும் தீர்ந்து, ஒரு ஏலக்காய் ரொட்டி நின்றது. ஆர்விட் கத்தியை எடுத்துப் பாதியாக வெட்டப் போனான்.

"வெட்டாத" என்றார் ஹெல்மர். "அவ திட்டுவா."

முழுதாக எடுத்து, எல்லோரும் பார்த்திருக்க, நிதானமாகத் தின்றார். அன்று குருவிகளுக்குப் போட என்னிடம் ஒன்றும் இல்லை.