சுவரைப் பார்த்த நாற்காலிகள்

பேய் பிசாசு கதை என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும். வெள்ளிக்கிழமை அம்மா வாசலில் கட்டிய எலுமிச்சம்பழத்தை, வெயிலில் வந்த தாகத்துக்கு அவிழ்த்துப் பிழிந்து சர்க்கரை போட்டுக் குடித்த ஆள் நான், அதற்கு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆகவே நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் கோபப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் நினைப்பேன். இதில் இருட்டு இல்லை, சுடுகாடு இல்லை, நாய் ஊளையிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு தின்ற மயக்கம், டத்தோ கிராமாட்டில் எங்கள் பிளாட்டின் ஐந்தாவது மாடி, கீழே யாரோ மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்போது நடந்தது.

நான் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. பெயர் பவானி, வயது முப்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்க வேண்டாம். ஆபீஸ் முடிந்தால் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவேன். வாள், குதிரை, கோட்டை எல்லாம் வரும், எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடலாம். சேர்ந்து ஆடுகிறவர்கள் தங்களுக்கென்று ஒரு குழு வைத்துக்கொள்வார்கள், அதற்குப் பெயர் கில்டு. ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் ஒன்று ஆரம்பித்தேன், பெயர் 'சும்மா கூட்டம்'. பெயருக்கு ஏற்ற மாதிரிதான் இருந்தோம். வந்தால் வா, வராவிட்டால் போ, தோற்றால் சிரி, யாரும் யாரையும் ஏசக்கூடாது. பன்னிரண்டு பேர் இருந்தோம். ஞாயிறு மூன்று மணிக்கு எல்லோரும் மைக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சண்டை போடப் போவதற்குள் நாலு மணி ஆகிவிடும், அவ்வளவு பேச்சு.

எங்கள் கில்டுக்கு விளையாட்டுக்குள்ளேயே ஒரு மண்டபம் உண்டு. நடுவில் நீளமான மேசை, சுற்றிலும் நாற்காலிகள், பின்னால் ஒரு சின்னத் தோட்டம். புதிதாக ஒருவர் சேர்ந்தால் நான் என் கையால் ஒரு நாற்காலி போட்டு, முதுகுப் பலகையில் அவர் பெயரைப் பொறித்து, மேசையைப் பார்க்க வைப்பேன், எங்கள் பழக்கம் அது. அந்த நாற்காலிகளைப் போடுவதோ திருப்புவதோ தலைவியான என்னால் மட்டும்தான் முடியும், மற்றவர்களுக்கு அந்த அனுமதியே கிடையாது. யாராவது விலகினால் அவருடைய நாற்காலி தானாக மறைந்துவிடும். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதை வைத்துத்தான்.

எனக்குத் துணைத் தலைவர் குமாரண்ணன். கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். என் அப்பா இறந்தபோது வேலைக்கு லீவு போட்டு, கடலைத் தாண்டி வந்து, மூன்று நாள் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் நாற்காலி அடுக்கியவர். "நான் இருக்கேன் லா பவானி, ஒனக்கு என்ன கவலை" என்று அன்றைக்குச் சொன்னார். கூடப் பிறந்த அண்ணன் எனக்கு இல்லை, அந்தச் சொல்லை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

இதெல்லாம் ஆரம்பித்த முதல் ஞாயிறு நான் கொஞ்சம் சீக்கிரமாக உள்ளே போனேன். மண்டபத்தில் ஒரே ஒரு நாற்காலி மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. குமாரண்ணனுடையது. போன வாரம் துடைக்கிறேன் அடுக்குகிறேன் என்று நானே எதையாவது அழுத்தியிருப்பேன் என்று நினைத்து நேராக்கினேன். எல்லோரும் வந்ததும் இதைச் சொன்னேன், ஒரே சிரிப்பு.

"அக்கா, மண்டபத்துல பேய் புகுந்துடுச்சு போல, பூசாரிய கூப்டுங்க!" என்றாள் ஷாமினி. தாசேக் கெலுகோரில் பாலர் பள்ளி ஆசிரியை, எங்கள் கூட்டத்திலேயே வாயாடி, என் மேல் உயிர்.

குமாரண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "மைக் சரியில்ல, என்னா சொன்ன?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஷாமினியின் சித்தி மகளுக்குக் கல்யாணம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன், வீட்டைப் பூட்டிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு. பந்தியில் ஷாமினி என் பக்கத்திலேயே உட்கார்ந்து என் இலையில் அப்பளமாக வைத்துக்கொண்டே இருந்தாள், நடுவில் கைப்பேசியைப் பார்த்தாள், சிரித்தாள். நானும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் மண்டபத்தில் இரண்டு நாற்காலிகள் திரும்பியிருந்தன. குமாரண்ணனுடையதும் ஷாமினியுடையதும். இந்த முறை எனக்கு எரிச்சல் வந்தது. குமாரண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பதிவ பாத்தியா?" என்றார். மண்டபத்தில் யார் எதைத் தொட்டாலும் நேரத்தோடு ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளும், எனக்கு அது மறந்தே போயிருந்தது. திறந்து பார்த்தேன். ஷாமினியின் நாற்காலி திருப்பப்பட்டது சனிக்கிழமை பிற்பகல் 1.40. திருப்பியவர் பவானி.

நான் அந்த நேரத்தில் தாசேக் கெலுகோரில் கல்யாணப் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப யாரோ ஒன் பாஸ்வர்ட வச்சிருக்கான்," என்றார் குமாரண்ணன். "யார்கிட்ட குடுத்த? நல்லா யோசி."

ஒரே ஒருவரிடம்தான் கொடுத்திருந்தேன். எனக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மண்டபத் தோட்டம் வாடிவிடக்கூடாதே என்று யோகனிடம் கொடுத்தேன். யோகன் யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை, மைக்கே போடமாட்டார், எல்லாம் எழுத்தில்தான். ஒன்பது நாள் ஒருநாள் விடாமல் தண்ணீர் ஊற்றிவிட்டு, நான் வந்ததும், 'அக்கா, ரோசாப்பூ பூத்திட்டுது, பாஸ்வேர்டை மாத்திப்போடுங்கோ' என்று எழுதிய மனிதர். நான்தான் சோம்பேறித்தனத்தில் மாற்றவில்லை.

"பேசாத ஆளுங்கதான் ஆபத்து," என்றார் குமாரண்ணன். ஷாமினியும் வந்து, "ஆமாக்கா, எனக்கும் அவர் மேல ஒரு மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். இரண்டு பேரும் பேசப் பேச எனக்குச் சூடேறியது. எனக்குக் கோபம் வந்தால் முன்பின் பார்க்கமாட்டேன், ஆபீஸில் கேட்டால் சொல்வார்கள்.

யோகனுக்கு எழுதினேன். "என் கணக்குக்குள்ள போய் வெளையாட்டு காட்டினது நீங்கதானே?"

"இல்லை அக்கா. நான் ஒருநாளும் போகேல்லை."

"பின்ன பேயா போச்சு?"

"அக்கா, உங்களோட ஒரு விசயம் கதைக்கோணும். கனநாளா யோசிச்சுக்கொண்டு இருக்கிறன். இப்ப எழுதுறன், கொஞ்சம் பொறுங்கோ."

அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு மூன்று புள்ளிகள் ஓடிக்கொண்டே இருந்தன. நான் பொறுக்கவில்லை. மன்னிப்புக் கதை அளக்கப் போகிறார் என்று நினைத்து, புள்ளிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவரைக் கில்டிலிருந்து நீக்கினேன். மண்டபத்தில் அவர் நாற்காலி மறைந்து அந்த இடம் பொக்கையாகத் தெரிந்தது. பாஸ்வர்டையும் மாற்றினேன். "நல்ல காரியம் செஞ்ச," என்றார் குமாரண்ணன்.

இப்போது அந்த மூன்றாவது ஞாயிறுக்கு வருகிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் சும்மா கேளுங்கள். இரண்டரை மணி, அம்மா உள்ளே தூங்குகிறார், நான் ஒரு டம்ளர் தேநீரோடு உட்கார்ந்து மண்டபக் கதவைத் திறந்தேன். மற்ற பத்துப் பேருடைய நாற்காலிகளும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. வரிசையாக, ஒழுங்காக, யாரோ அளந்து வைத்த மாதிரி. பத்துப் பெயர்களும் மேசைப் பக்கம் என்னைப் பார்த்தன. கையில் இருந்த டம்ளரை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. அதைவிட, பொக்கையாக இருந்த இடத்தில் ஒரு நாற்காலி நின்றது. முதுகில் யோகன் என்று பெயர், அது மட்டும் மேசையைப் பார்த்து நேராக இருந்தது. கில்டில் இல்லாதவருக்கு நாற்காலி போட அந்த விளையாட்டில் வழியே கிடையாது, நான் பிறகு எத்தனையோ முறை முயன்று பார்த்துவிட்டேன், முடியவில்லை. பாஸ்வர்டும் புதிது, என் தலைக்குள்ளே தவிர எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

குமாரண்ணனுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. ஷாமினியும் எடுக்கவில்லை. உட்கார்ந்திருந்தேன், எல்லோரும் வரட்டும், வந்ததும் காட்டலாம் என்று. மூன்று மணி ஆனது. திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது, இன்னார் கில்டை விட்டு விலகினார். அடுத்து இன்னொரு வரி. அடுத்து இன்னொன்று. ஒவ்வொரு வரிக்கும் ஒரு நாற்காலி மறைந்தது. ஷாமினி விலகினாள். நான் மைக்கில், "என்னா நடக்குது, யாராச்சும் பேசுங்க லா" என்று கத்துகிறேன். கடைசியாகக் குமாரண்ணனின் குரல் மட்டும் வந்தது.

"பவானி, தப்பா எடுத்துக்காத. பெரிய கில்டு ஒன்னு எங்க எல்லாரையும் சேத்துக்குது. ஒன்னையும் சேத்துக்க சொல்லி கேட்டோம், இன்னொரு கில்டு தலைவி வேணாம்னு அவங்க சொல்லிட்டாங்க. சும்மா ஒக்காந்து பேசிக்கிட்டே இருந்தா நாங்க எப்பதான் ஜெயிக்கிறது?"

அந்த 'நாங்க' என்ற சொல் என் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. ஆறு வருடம் அதில் நானும் இருந்தேன். "எத்தன நாளா இது?" என்று கேட்டேன்.

"மூணு வாரம்," என்றார், போய்விட்டார்.

நான் அழுதேன், சொல்வதற்கு வெட்கம் என்ன. பொம்மை விளையாட்டுக்கு அழுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். விளையாட்டில் தோற்று நான் ஒருநாளும் அழுததில்லை. நம்பவைத்துக் கழுத்தை அறுத்தார்களே, அதுவும் மூன்று வாரமாக என்னோடு உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டே அறுத்தார்களே, அதற்குத்தான் அழுதேன்.

பத்து நாள் கழித்து ஷாமினி அழைத்தாள். திட்டலாம் என்றுதான் எடுத்தேன், அவள் முதலிலேயே அழுதுவிட்டாள். கடைசியில் நான் ஒன்று மட்டும் கேட்டேன்.

"மொதல்ல அந்த கில்டுக்கு சரின்னு சொன்னது யாரு?"

"குமாரண்ணன்தான் அக்கா. அதுக்கு அடுத்த வாரம் நான்."

"நீ எப்ப சொன்ன? சரியா சொல்லு."

"கல்யாணத்தன்னிக்கு," என்றாள். "பந்தியிலக்கா. ஒங்க பக்கத்துல ஒக்காந்துகிட்டேதான் அமுக்குனேன். மன்னிச்சிருங்க. மத்தவங்கல்லாம் நாங்க வெலகுன அந்த ஞாயித்துக்கெழமை காலையில."

கைப்பேசியில் நேரம் இருக்கும், பார்த்துச் சொல் என்றேன். பார்த்தாள். ஒன்று நாற்பது.

"யோகன்?"

"அவர மொத வாரமே கேட்டோம். வரமாட்டேன்னுட்டாரு. இத நீங்க அக்காகிட்ட சொல்லுங்க, இல்லாட்டி நான் சொல்லிருவேன்னாரு. அதான் குமாரண்ணன் அவர் மேல பழிய போட்டாரு. நானும் ஆமான்னேன்." 

அந்த மூன்று புள்ளிகள் எதை எழுதிக்கொண்டிருந்தன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

யோகனைத் தேடிப் பிடிக்க ஒரு மாதம் ஆனது. ஒரு சனிக்கிழமை காலை பசியாறக் கூப்பிட்டேன், மனைவியோடு வந்தார். முதல் முறையாக அவர் குரலைக் கேட்டேன், மெல்லிய குரல். தோசையைத் தொடாமல் மன்னிப்புக் கேட்டேன்.

"அதை நான் அண்டைக்கே விட்டிட்டன் அக்கா," என்றார். "நீங்கள் பாவம்." மறுபடி வாருங்கள் என்றேன். சிரித்தார். "என்னை நீக்கின அண்டைக்கே என்ர கணக்கையே அழிச்சுப்போட்டன். இனி அந்தப் பேரில அங்க ஒருத்தரும் இல்லை." நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், காப்பியைக் குடித்தார். நம்பவில்லை, நம்பவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அவரிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது, அம்மாவிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு பத்து நாற்காலிகளும் மறைந்த பிறகு மண்டபத்தில் இரண்டுதான் மிச்சம். ஒன்று யோகனுடையது, மேசையைப் பார்த்தபடி. மற்றது என்னுடையது. மற்றவர்களுடையதையே பார்த்துக்கொண்டிருந்ததில் என்னுடையதை நான் கவனிக்கவே இல்லை, அதுவும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பதிவேட்டைத் திறந்தேன். அது மற்றவர்களுடையதோடு அன்றைக்குத் திரும்பியது அல்ல. முந்தைய ஞாயிறு, மூன்று நாற்பத்தேழுக்குத் திரும்பியிருக்கிறது. அதற்கு நேர் மேலே உள்ள வரியில், அதே மூன்று நாற்பத்தேழுக்கு, யோகன் நீக்கப்பட்டார் என்று இருந்தது.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போதும் ஞாயிறு மத்தியானம் உள்ளே போய் என் நாற்காலியை நேராக்கி வைத்துவிட்டு வருகிறேன், அடுத்த வாரம் போனால் திரும்பியிருக்கிறது. யோகன் மன்னித்துவிட்டார், பிறகு யாருக்கு என் மேல் இத்தனை கோபம் என்று போன வாரம் அதன் எதிரிலேயே கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா தண்ணீர் கேட்டார், எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தேன், ஒரு நிமிடம்கூட இருக்காது. திரும்பியிருந்தது. பதிவேட்டில் மூன்று நாற்பத்தேழு, திருப்பியவர் பவானி.