திரைச்சேலைக்குப் பின்னால் நின்றவள்

மாத்தளைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் கைறுன்னிஸாவுக்கு ஈடாகப் பாடக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் டொறீன். இரண்டு பேரும் சேர்ந்து பாடினால், கண்டிப்புக்குப் பேர்போன பெரிய சிஸ்டர்கூட வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பார்.

கைறுன்னிஸா, டவுனில் கொக்கோவும் மிளகும் வாங்கி விற்ற அப்துல் ஸமத்தின் கடைசி மகள். டொறீனின் அப்பா ராஜநாயகம் இரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் டீமேக்கர். மகளை விடுதியில் விட்டுப் படிக்கவைத்தார். டொறீன் நெட்டையாக வளர்ந்துவிட்டதால் ஆண் வேஷம் அவளுக்கு. ஆனால் குரலோ விசில் மாதிரி மெல்லியது. குட்டையான கைறுன்னிஸாவுக்குப் பெண் வேஷம்; அவள் குரலோ அடித்தொண்டையிலிருந்து கனமாக வரும். கீச்சுக் குரலில் புருஷன் கெஞ்ச, கனத்த குரலில் பெண்சாதி அதட்ட, பாட்டு தொடங்குமுன்பே சிரிப்புத் தொடங்கிவிடும்.

பாட்டை அவர்களே கட்டினார்கள். சந்தைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய புருஷனை வாசலிலேயே நிறுத்திப் பெண்சாதி கேட்பாள்:

*"கலேவெலச் சந்தைக்குப் போன மச்சான்
காய்கறி எங்கே, கூடை எங்கே?"*

புருஷன் தலையைச் சொறிவான்:

*"கூடையைக் கொடுத்து ஆடு வாங்கினேன்
ஆட்டைக் கேட்டா அது ஓடிப் போச்சே!"*

கடைசியில் கோபம் தாங்காமல் பெண்சாதி புருஷனின் மீசையைப் பிடித்து இழுப்பாள். ஒட்டுமீசை கையோடு வந்துவிடும். அதோடு பாட்டு முடியும். பள்ளிக்கூடக் கச்சேரிகளில் தொடங்கி, சொந்தக்காரர் கலியாணங்களில் பெண்கள் பக்கத்தில் பாடுவது வரைக்கும் அது வளர்ந்தது. அதுவரை அப்துல் ஸமத்தும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் மாத்தளைத் திடலில் ஒரு கார்னிவல் வந்தது. பின்னேரத்தில் உள்ளூர்க்காரர் மேடையேறிப் பாடலாம் என்றார்கள். டொறீனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"வாடி கைறு, ஒரே ஒரு பாட்டு. பாடிட்டு ஓடி வந்திருவோம்."

"ஆம்பளைங்க முன்னுக்கா? எங்க வாப்பா என்னைய உசிரோட விடமாட்டாரு."

"அப்ப நீ ஆம்பள வேஷம் போடு. ஒனக்குத்தான் ஆம்பளக் குரலாச்சே. யாருக்குத் தெரியப் போகுது?"

கைறுன்னிஸா ஒரு கிழமை, ஏழு நாளும், யோசித்தாள். ஆசை என்னவோ டொறீனைவிட அவளுக்குத்தான் அதிகம். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். மீசையை மட்டும் இழுக்கக்கூடாது. டொறீன் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய மாதாவைத் தொட்டுச் சத்தியம் பண்ணினாள்.

இடுப்பில் சாரமும் மேலே கோட்டும் தலைப்பாகையுமாக மேடையில் நின்ற அந்தக் குட்டை மனிதன் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றைக்குப்போல் கைறுன்னிஸா அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை. திடல் முழுக்கச் சிரித்தது. சிங்களம் மட்டும் தெரிந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். கடைசி அடி வந்தது. கைதட்டல் உச்சத்தில் இருந்தது. டொறீனின் கை நீண்டது.

மீசை வந்துவிட்டது. பயந்து பின்வாங்கிய வேகத்தில் தலைப்பாகையும் நழுவிப் பின்னல் இடுப்புவரை விழுந்தது. பிறகு விசில் பறந்தது. அந்தக் கூட்டத்தில் கைறுன்னிஸாவின் கூடப்பிறந்த மூத்த நானா றஹீமும் நின்றிருந்தான்.

அவன் அவளை அடிக்கவில்லை. தன் சால்வையைத் தலையில் போட்டுவிட்டு, கடைவீதி வழியாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். உம்மா ஹவ்வா மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னாள்: "இனி பாட்டுப் பேச்சே இந்த ஊட்டுல வேணாம், புள்ள." மறுநாள் பள்ளிக்கூடம் நின்றது. நோன்பு வருமுன்பே கலியாணக் காவின் எழுதியாயிற்று. மாப்பிள்ளை பதுர்தீன், வெங்காயமும் மிளகாயும் மொத்தமாக வாங்கி விற்பவர், அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஊர் கலேவெல. பாட்டில் விளையாட்டாகப் போட்ட ஊருக்கே வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

பதுர்தீன் கெட்டவர் இல்லை. அதிகம் பேசமாட்டார். கடை, பள்ளிவாசல், வீடு. சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் முகம் சுளிக்கமாட்டார். ஆனால் கைறுன்னிஸாவுக்கு அவரிடம் பயம். மேடையில் ஆம்பிளை வேஷம் போட்டு ஆடியவள் என்று தெரிந்தால் என்ன நினைப்பாரோ என்ற பயம். ஆகவே அவர் முன்னால் அவள் தாலாட்டுகூடப் பாடியதில்லை. பிள்ளைகளைத் தட்டியே தூங்கவைத்தாள். அடுத்த வீட்டு ரேடியோவில் பாட்டு வந்தால் அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள்.

வஹகோட்டை அந்தோனியார் கோயில் திருநாளுக்கு வருஷாவருஷம் தோட்டத்துச் சனங்கள் லொறியிலும் பஸ்ஸிலும் வருவார்கள். அங்கிருந்து கலேவெல கூப்பிடு தூரம்தான். கலியாணமாகி மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ, அந்தத் திருநாளுக்கு வந்த டொறீன் விசாரித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். அவளுக்கும் கலியாணமாகியிருந்தது. நிறைமாத வயிறு. நல்ல வெயில்.

கைறுன்னிஸா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மதினி மஸீஹா கதவைத் திறக்கப் போனாள்.

"ஊட்டுல இல்லன்னு சொல்லுங்க மதினி."

"யாரு அது?"

"யாருமில்ல. சொல்லிருங்க."

முன்னறைத் திரைச்சேலைக்குப் பின்னால் அசையாமல் நின்றாள். டொறீன் குடிக்கத் தண்ணி கேட்பதும், மஸீஹா கொண்டுவந்து கொடுப்பதும், செம்பைக் கீழே வைப்பதும் கேட்டது. "வந்தா டொறீன் வந்தான்னு சொல்லுங்கக்கா" என்ற அந்தக் கீச்சுக் குரலும் கேட்டது. ஒரு எட்டு வைத்தால் போதும். வைக்கவில்லை. கோபம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். பின்னால் யோசிக்கும்போது அது கோபமா, அவளைக் கண்டால் தன்னை அறியாமல் சிரித்துவிடுவோமோ என்ற பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. டொறீன் அதற்குப் பிறகு வரவில்லை.

எழுபத்து மூன்றில் மூத்த மகள் ஸரீனாவுக்குக் கலியாணம் கூடியது. அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடான காலம். பெரிய விருந்துக்கு வழியில்லை. கலியாணத்துக்கு முதல்நாள் மருதோண்டி போட அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். நடுக்கூடத்தில் றபானை வைத்து மஸீஹா தட்டிக்கொண்டிருந்தாள். கதவு விரியத் திறந்து கிடந்தது.

வாசலில் ஒரு நெட்டைப் பெண் வந்து நின்றாள். அதற்குள் நரை விழுந்த தலை, கண்ணாடி, முன்பல் ஒன்று இல்லை. கையில் கோயில் மெழுகுவர்த்திக் கட்டு. கலியாண வீடென்று கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தாள். அதற்குள் ஒரு கிழவி கேட்டுவிட்டாள்.

"யாரும்மா நீங்க?"

டொறீன் கூடத்தின் நடுவே இருந்த கைறுன்னிஸாவைப் பார்த்தாள். இந்த முறை மறைந்து நிற்கத் திரைச்சேலை இல்லை.

"நானா? நான் இவளோட மொதப் புருஷன்."

ஒரு விநாடி யாருக்கும் விளங்கவில்லை. பிறகு கூடமே வெடித்தது. ஸரீனா மருதோண்டிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உம்மா, யாரும்மா இவங்க?" என்று கேட்டாள். கைறுன்னிஸாவின் வாயிலிருந்து பாட்டுத்தான் வந்தது. அத்தனை வருஷம் அடக்கிவைத்த குரல் கரகரத்து, இடறி, பிறகு தன் தடத்தைப் பிடித்துக்கொண்டது.

*"கலேவெலச் சந்தைக்குப் போன மச்சான்
காய்கறி எங்கே, கூடை எங்கே?"*

டொறீன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். முந்தானையைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டாள். மஸீஹாவின் றபான் சேர்ந்துகொண்டது. ஆடு ஓடிப் போகும் அடிவரை பழைய பாட்டுத்தான். அதற்கப்புறம் டொறீன் வரியை மாற்றினாள்:

*"வெயிலிலே வந்து வாசல்ல நின்னேன்
வயித்துப் புள்ளையோட வந்து நின்னேன்
இல்லைன்னு ஆள்விட்டுச் சொன்னது யாரு
சீலைக்குக் கீழே தெரிஞ்ச கால் யாரு?"*

வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்கும் புருஷனைப் பார்த்துப் பெண்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். கைறுன்னிஸாவுக்கு அப்போதுதான் விளங்கியது. டொறீன் அன்றைக்கே அவள் காலைக் கண்டிருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் தண்ணி குடித்துவிட்டுப் போயிருக்கிறாள். கைறுன்னிஸாவும் விடவில்லை:

*"மாதாவைத் தொட்டுச் சத்தியம் பண்ணி
மீசையைப் பிடிச்சு இழுத்தவன் யாரு?
ஊருக்கு முன்னால தலைய அவுத்து
தெருவுல என்னைய விட்டவன் யாரு?"*

டொறீன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

*"கைதட்டுக் கேட்டதும் புத்தி கெட்டதே
கையே எம் பேச்சைக் கேக்கல புள்ளே!"*

அடுத்த வரி கைறுன்னிஸாவின் முறை. றபான் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டே இருந்தது. அவளுக்கு வரி அகப்படவில்லை. எழுந்து போய் டொறீனின் காதைப் பிடித்துத் திருகினாள். பெண்கள் குரவை போட்டார்கள். அவள் கண்ணில் தண்ணி வந்ததைக் கண்டவர்கள், சிரித்துச் சிரித்து வந்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு அடுப்பங்கரையில் தேத்தண்ணி ஊற்றினாள். சீனி இல்லாததால் கருப்பட்டித் துண்டு.

"நாளைக்கு நிக்காஹ். இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும், சொல்லிட்டேன்."

"முடியாது கைறு. கடைசி பஸ்ஸப் புடிக்கணும். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." டொறீன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அடுத்த மாசம் நாங்க இந்தியாவுக்குப் போறோம். தோட்டத்து ஆளுங்கள ஒப்பந்தத்துல அனுப்புறாங்கல்ல, அதுல. அவருக்கும் புள்ளைங்களுக்கும் எனக்கும் பாஸ்போர்ட் வந்திருச்சி. திருச்சிப் பக்கமாம்."

"அங்க யாரு இருக்கா ஒனக்கு?"

"ஒருத்தரும் இல்ல. அவரு அழகமுத்துன்னு பேரச் சொன்னா, எந்த ஊரு அழகமுத்துன்னு கேப்பாங்களாம். என்ன சொல்றதுன்னு அவருக்கே தெரியல."

பஸ் வரும் நேரமாகிவிட்டது.

கலியாணச் சந்தடி ஓய்ந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் அனுப்பிவைத்த பிறகு, பதுர்தீன் சாய்கதிரையில் இருந்தபடி கேட்டார்:

"முந்தா நாள் ஊட்டுல பாடினது நீதானா?"

"ஆமா. தெரியாத்தனமா…"

"கடையில இருந்த எனக்கே கேட்டுச்சி." கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "ஒன்னையப் பேசி வந்தப்ப, பாட்டுக்காரப் புள்ளைன்னு சொல்லித்தான் பேசினாங்க. கார்னிவல் கதையும் சொன்னாங்க. நான் சரின்னு சொன்னதே அதுக்குத்தான். என்னைக்காவது பாடுவேன்னு பாத்தேன். நீ பாடவேயில்ல. புடிக்கல போலன்னு விட்டுட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீயும் சொல்லியிருக்கலாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். ஒருவரும் தடுக்காத ஒன்றைத் தானே பூட்டிவைத்து, தானே காவலிருந்து, பிள்ளைகளைப் பாட்டில்லாமல் வளர்த்து, ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்த ஒருத்தியை இழந்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அழுதாள். பதுர்தீன் எழுந்துபோய்த் தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை அவரே அவளை இரத்தோட்டைக்குக் கூட்டிப் போனார். டொறீன் கலியாணத்துக்குப் பிறகும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில்தான் இருந்தாள். வீடு நிறைய ஆட்கள். வழியனுப்ப வந்த தோட்டத்துச் சனங்கள் வாசல்வரை நின்றார்கள். தகரப் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு அம்மாள் டொறீனைக் கட்டிப்பிடித்து விடாமல் அழுதாள். கைறுன்னிஸாவுக்கு ஒரு மூலையில் கதிரை போட்டார்கள். டொறீன் இரண்டு தடவை பக்கத்தில் வந்தாள். இரண்டு தடவையும் யாரோ கூப்பிட்டார்கள். பேசவேண்டியது எவ்வளவோ இருந்தது. மன்னித்தேன் என்றாவது, மன்னித்துக்கொள் என்றாவது சொல்ல வேண்டியிருந்தது. எதை முதலில் சொல்வதென்று தெரியாமல், வழியில் தின்னக் கொண்டுவந்த தொதல் இனிப்புப் பொட்டலத்தை மட்டும் கையில் வைத்தாள்.

"பத்திரமாப் போய்ட்டு வா" என்றாள். சொன்ன பிறகுதான், அவள் வரப்போவதில்லை என்பது நினைவுக்கு வந்தது. டொறீன் அதைத் திருத்தவில்லை. "வாறேன்" என்றுதான் சொன்னாள்.

மன்னார்வரை ரயில், அங்கிருந்து கப்பல் என்று கேள்விப்பட்டாள். அதற்குமேல் ஒரு செய்தியும் இல்லை. இந்தியாவிலிருந்து யாராவது வந்திருக்கிறார்கள் என்றால் போய் விசாரிப்பாள். திருச்சி பெரிய ஊர் என்பார்கள்.

கலேவெலயில் கலியாண வீடுகளுக்கு அவளைக் கூப்பிடத் தொடங்கினார்கள். போனாள், பாடினாள். பதுர்தீன் கடையைப் பாதி சாத்திவிட்டுத் தெருவோரம் நின்று கேட்டார். சோடிப் பாட்டுக் கேட்டால் மட்டும் மஸீஹாவைச் சேர்த்துக்கொள்வாள். மஸீஹா நல்ல மனுஷி, ஆனால் சுருதிக்கு நிற்கமாட்டாள். சனங்கள் அதற்கும் சிரித்தார்கள்.