மூன்று பெயர் தோட்டமும் எங்கள் போர்ட்டலும்

1. சிவப்பு எழுத்து

எங்கள் அறவாரியம் காகித விண்ணப்பங்களை நிறுத்திவிட்டு ஆன்லைனுக்கு மாறிய முதல் வாரம். என் மேசைக்கு வந்த முதல் தொலைபேசி அழைப்பே சண்டையாகத்தான் தொடங்கியது.

"மேடம், உங்க கம்ப்யூட்டரு எங்க தோட்டமே இல்லைங்குது லா. அப்ப நாங்கல்லாம் எங்க குடியிருக்கோம்?"

பேசியவர் பூங்காவனம். புக்கிட் பெலண்டோக் பக்கத்தில், பாமாயில் தரும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை பார்ப்பவர். அந்தத் தோட்டத்துப் பெண்களின் கயிறு இழுக்கும் குழுவுக்கு அவர்தான் கேப்டன். போட்டிக் கயிறு, ஸ்போர்ட்ஸ் ஷூ, இடுப்பு பெல்ட் ஆகியவற்றுக்கு மானியம் கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். மாநிலப் போட்டிக்கு முதல் முறையாகப் பெயர் கொடுக்க ஆசை. அதன் விதிமுறைப்படி, சரியான ஷூவும் கயிறும் இல்லாத குழுவைத் திடலுக்குள் விடமாட்டார்கள்.

நான் அப்போது சிரம்பானில், ரஹாங்கில் இருந்த எங்கள் அலுவலகத்தில் மானிய அதிகாரி. தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் இருக்கும் சங்கங்கள், பாலர் பள்ளிகள், விளையாட்டு மன்றங்களுக்குச் சிறு மானியம் வழங்குவது எங்கள் வேலை. புதிய போர்ட்டலில் குழுக்கள் கணக்குத் திறந்து, விண்ணப்பம் பூர்த்திசெய்து, ஆவணங்களை ஏற்றவேண்டும். சிஸ்டம் முதலில் தகுதி பார்க்கும். தேறியவை தேர்வுக் குழுவுக்கு மதிப்பெண்ணுக்குப் போகும். பிறகு ஒப்பந்தம், முன்னேற்ற அறிக்கை எல்லாம் அதிலேயே. முன்பு நாலு அலமாரி பிடித்த வேலை. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த சிஸ்டம் மிகவும் பிடித்திருந்தது.

பூங்காவனத்தின் விண்ணப்பத்தைத் திறந்தேன். சிவப்பு எழுத்தில் இருந்தது: 'தகுதியற்றது. அமைப்பின் பெயர் பொருந்தவில்லை.'

காரணம் உடனே தெரிந்தது. மன்றத்தின் பதிவுச் சான்றிதழில் வெள்ளைக்காரன் காலத்துப் பெயர், ஹோலிரிட்ஜ் எஸ்டேட். தோட்டம் கைமாறிய பிறகு வந்த கம்பெனி அதற்கு லாடாங் செரி பாயு என்று பெயர் மாற்றியிருந்தது. திடலைப் பயன்படுத்தலாம் என்று மேனேஜர் கொடுத்த கடிதத்தில் அந்தப் பெயர். விண்ணப்பத்தின் முதல் கட்டத்திலோ, பூங்காவனம் எல்லாரும் சொல்லும் பெயரைப் போட்டிருந்தார்: ஆனைக்குழித் தோட்டம்.

"அக்கா, ஏன் ஆனைக்குழின்னு போட்டீங்க?"

"பேரு என்னான்னு கேட்டிச்சு. பேரச் சொன்னேன். பொய்யா சொல்ல முடியும்?"

2. சிஸ்டம்னா சிஸ்டம்தான்

எங்கள் இயக்குநர் செல்வநாதன் ஒழுங்கை விரும்பும் மனிதர். சட்டைப் பையில் பேனா எப்போதும் ஒரே கோணத்தில் நிற்கும். போர்ட்டல் அவருடைய கனவு. அவரிடம் போனேன்.

"பெயரை நானே திருத்திவிடட்டுமா, சார்?"

"கூடாதும்மா. சிஸ்டம்னா சிஸ்டம்தான். ஒருத்தருக்குக் கதவு திறந்தா எல்லாருக்கும் திறக்கணும்."

அவர் சொன்னது நியாயம். ஆகவே இடத்துக்கு வந்து, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பட்டணத்து விண்ணப்பம் ஒன்றிரண்டு. மற்றவை எல்லாம் தோட்டம். எல்லாவற்றிலும் அதே சிவப்பு வரி. விற்கப்பட்டவை, பிரிக்கப்பட்டவை, பாதி நிலம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனவை. எந்தத் தோட்டமும் ஒரு பெயரோடு நின்றபாடில்லை. திரும்பவும் அவர் அறைக்குப் போனேன்.

"சார், ஒருத்தருக்கு இல்ல. எல்லாருக்கும்தான் திறக்கணும் போல."

அவர் திரையை வெகுநேரம் பார்த்தார். "ஒரு தோட்டத்துக்கு எப்படிம்மா மூணு பேரு? ஆளுக்கு ஒண்ணாவா வெச்சிருக்காங்க?"

செல்வநாதன் கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்தவர். "வந்து பாருங்க சார்" என்றேன். வருவார் என்று நினைக்கவில்லை. மறுநாள் மாலை கார் சாவியோடு என் மேசை முன் வந்து நின்றார்.

3. ஆனைக்குழிக்கு வழி

அவர்தான் ஓட்டினார். பதிவுச் சான்றிதழில் இருந்த பெயரைக் கைபேசி வரைபடத்தில் போட்டார். அது எங்களை ஒரு கோழிப் பண்ணை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டோம் என்றது. திரும்பி வந்து புதுப் பெயரைப் போட்டோம். இந்த முறை செம்பனை எண்ணெய் ஆலையின் பின்புற வாசல். காவலாளி ஒரு நேப்பாளி. தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயம் எங்கே என்று மலாயில் கேட்டால், அவருக்கு என்ன புரிந்ததோ, எங்களைக் கழிப்பறைக்கு அனுப்பப் பார்த்தார்.

கடைசியில் சாலையோரக் கடையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், கண்ணாடியை இறக்கி, செல்வநாதனே தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணே... இந்த ஆனைக்குழி..."

"ஆனைக்குழியா? நேரா போங்க. மாரியம்மன் கோயில் வரும். சிம்பாங்ல கீரி பக்கம் ஒடிங்க. பொம்பளைங்க சத்தம் கேக்கும், அங்கதான்."

சந்திப்பில் இடப்பக்கம் திரும்பினோம். சொன்னபடியே சத்தம் கேட்டது.

திடலில் எட்டுப் பெண்கள். சிலர் வேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸ், சிலர் வெறுங்கால். லோரியில் சாமான் கட்டும் பழைய கயிறு ஒன்றின் மறுமுனையை ஒரு செம்பனை மரத்தில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். மரத்தோடு சண்டை போடுவதுபோல் இருந்தது. பூங்காவனம் பக்கத்தில் நின்று கத்தினார்.

"காலு ஊனு! காலு ஊனு! ஏய் தேவி, வானத்துல என்னா பாக்கிற? இழு!"

தேவி, நீலாய் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண். குழுவில் கடைசி ஆளாகக் கயிற்றை இடுப்பில் சுற்றி நிற்பவர். ஆன்லைன் விண்ணப்பத்தைக் கைபேசியில் தட்டியவரும் அவர்தான்.

எங்களைப் பார்த்ததும் பயிற்சி நின்றது. நான் இயக்குநரை அறிமுகப்படுத்தினேன். பூங்காவனம் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சாருதான் கம்ப்யூட்டரு முதலாளியா? நல்லதாப் போச்சு. மரத்தை இழுத்து இழுத்து எங்களுக்கு அலுத்துப் போச்சு சார். அது எதுத்து இழுக்க மாட்டேங்குது. வாங்களேன்."

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் சிரித்தார்கள். நான் ஏதோ சொல்லித் தடுக்கப் போனேன். அதற்குள் செல்வநாதன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்தார். "ஸ்கூல்ல நான் இழுத்திருக்கேன்மா" என்றார். அந்தக் குரலில் நான் அதுவரை கேட்காத ஒரு துள்ளல்.

வேடிக்கை பார்த்தவர்களில் ஆறு பேர், செல்வநாதன், நான். எதிரே அவர்கள். பூங்காவனம் கை காட்டினார். "ஊனு... இழு!"

அடுத்து நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. என் கால்கள் தரையில் இல்லை. முந்தின நாள் மழையில் ஊறிய புல்லில் நாங்கள் எட்டுப் பேரும் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தோம். எழுந்து பார்த்தால், எங்கள் இயக்குநர் முழங்கால் முதல் மார்பு வரை சேற்றோடு, உட்கார்ந்த இடத்திலேயே கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ!" என்றார்.

இன்னொரு தடவையும் அதேதான் நடந்தது.

திரும்பும்போது காரின் இருக்கையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். சிரம்பான் விளக்குகள் தெரியத் தொடங்கின. அவர் சொன்னார்: "நாளைக்கு ஃபைசாலக் கூப்பிடுங்க."

4. ஒரு கட்டம், ஒரு பொத்தான்

ஃபைசால், போர்ட்டலை உருவாக்கிய கம்பெனியின் புரோகிராமர். நாங்கள் கேட்டது இரண்டே மாற்றம். 'அமைப்பின் வேறு பெயர்கள்' என்று ஒரு கட்டம் வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் சிஸ்டம் தானாக நிராகரிக்காமல், அதிகாரியின் பார்வைக்கு அனுப்பவேண்டும்.

"போலே, கக். செய்யலாம், அக்கா" என்றார் அவர். "என் பாட்டன் ஊருக்கும் இப்படித்தான். வரைபடத்தில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர்." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார்: "அந்த ஆனைக்குழியில் யானை விழுந்ததா?" எனக்குத் தெரியவில்லை. பூங்காவனத்துக்கும் தெரியவில்லை.

பாதிக்கப்பட்ட எல்லாக் குழுக்களுக்கும் விண்ணப்பக் கெடுவை நீட்டித்தோம். ஒவ்வொன்றையும் நானே போனில் அழைத்துச் சொன்னேன். ஆனைக்குழி மறுபடி விண்ணப்பித்த அன்று பூங்காவனம் கூப்பிட்டார்.

"மேடம், 'எதிர்பார்க்கும் தாக்கம்'னு கேக்குது. யாரத் தாக்கணும்?"

இம்பாக்ட் என்பதன் தமிழாக்கம் அது. விண்ணப்பத்தை அவர்களுக்காக எழுதித்தர எனக்கு அனுமதியில்லை. விளக்க மட்டுமே முடியும்.

"இந்தக் கயிறும் ஷூவும் கிடைச்சா உங்களுக்கு என்ன மாறும்னு கேக்குறாங்க, அக்கா."

"சரி, நாங்க பேசிக்கிறோம்" என்று வைத்துவிட்டார்.

தேவி தட்டி அனுப்பிய பதிலைத் தேர்வுக் குழுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் வாய்விட்டு வாசித்தார்: 'தோட்டத்தில் விழா வந்தால் நாங்கள் சமைப்போம், பரிமாறுவோம், பாத்திரம் கழுவுவோம். ஆம்பளைகள் விளையாடுவார்கள். போட்டிக்குப் போனால் அன்றைக்கு ஒருநாள் அவர்கள் சமைக்கட்டும். நாங்கள் விளையாடுகிறோம்.'

மதிப்பெண் போடும் நேரம் வந்தபோது செல்வநாதன் எழுந்து வெளியே போனார். "நான் அவங்களோட சேத்துல விழுந்த ஆளு. நான் மார்க் போடக்கூடாது. இவங்களும்தான்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் இருவரும் வராந்தாவில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்போல் நின்றோம்.

கேட்டது கிடைத்தது. 'அங்கீகரி' என்ற பொத்தானை அழுத்தும் வேலை என்னுடையது. அழுத்தியதும் மின்னஞ்சல் தானாகப் போய்விடும். தேவிக்கு அது வேலை முடிந்து ரயிலில் வரும்போது கிடைத்திருக்கிறது. போட்ட கூச்சலில் பக்கத்திலிருந்த மலாய்க்கார அம்மா பயந்துபோய்த் தண்ணீர் போத்தலை நீட்டினாராம்.

5. போட்டி நாள்

கண்காணிப்புக்குப் போவதும், படமெடுத்துப் போர்ட்டலில் ஏற்றுவதும் என் பொறுப்பு. போர்ட்டிக்சன் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரே கலவரம். குழுவின் மொத்த எடைக்கு ஒரு வரம்பு உண்டு. இவர்கள் கொஞ்சம் கூடியிருந்தார்கள்.

"காலையில அந்த நாசி லெமாக் சோறு வேணாம்னு சொன்னேனா இல்லியா?" என்று பூங்காவனம் கத்த, ஒவ்வொருவராக வளையல், தோடு, கொண்டை ஊசி எல்லாம் கழற்றி என் கைப்பைக்குள் போட்டார்கள். தேவி திடலைச் சுற்றி ஓடினார். மறுபடி தராசில் ஏறியபோது முள் வரம்பைத் தொட்டு நின்றது. அதிகாரி தலையாட்டினார். இழுக்கும் முன்பே ஜெயித்ததுபோல் ஒரு ஆரவாரம்.

ஆண்கள் நிஜமாகவே சமைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பிரியாணி அடிப்பிடித்திருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அரையிறுதியில் எதிரே நின்றவர்கள், பல முறை ஜெயித்த பட்டணத்துக் குழு. ஒரே மாதிரி ஜெர்சி, பயிற்சியாளர், எல்லாம் உண்டு. விசில் ஊதியதும் கயிறு அசையவே இல்லை. இரு பக்கமும் கல்லாக நின்றார்கள். பூங்காவனம் இந்த முறை கத்தவில்லை. குனிந்து, தாலாட்டுவதுபோல் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்: "இருக்கட்டும்... இருக்கட்டும்... அவங்க மூச்சு விடட்டும்..." எதிர்ப்பக்கம் ஒருத்தியின் கால் வழுக்கியது. "இழு!"

கயிறு வந்தது. ஒரு அடி, இன்னொரு அடி, பிறகு மொத்தமாக வந்தது.

நான் எடுத்த படங்களில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. கத்திக் குதித்துக்கொண்டே எடுத்திருக்கிறேன். இறுதிச் சுற்றில் தோற்றார்கள், இரண்டாம் பரிசு. அந்தக் கோப்பையில் ஆரஞ்சு ஜூஸ் ஊற்றி, திடலில் இருந்த எல்லாருக்கும், ஜெயித்த குழுவுக்கும் கொடுத்தார்கள். அறிக்கையில் ஏற்ற எனக்கு அந்தப் படம்தான் உருப்படியாகக் கிடைத்தது.

மானிய வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எல்லாருக்கும் கொடுக்க நம்மிடம் ஒருபோதும் இருக்காது. 'இல்லை' என்று சொல்வது இந்த வேலையில் பாதி. எந்த சிஸ்டமும் அந்த 'இல்லை'யை ஒரு நொடியில் சொல்லிவிடும். அது உங்கள் 'இல்லை'யா, படிவத்தில் ஒரு கட்டம் வைக்க மறந்த ஒருவரின் 'இல்லை'யா என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போகும்போது வேறு துணி ஒன்று காரில் இருக்கட்டும். எப்படியும் கயிற்றைக் கையில் கொடுப்பார்கள்.