மந்திரித்த கேமரா

என் முதல் கேமராவை நான் தேர்ந்தெடுக்கவில்லை, என் தங்கைதான் தேர்ந்தெடுத்தாள். தேனியில் பழைய செல்போன் விற்கிற கடை ஒன்றில், கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பிலிம் கேமராக்கள் கிடந்தன. ஒன்று எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிற பிளாஸ்டிக். மற்றது நல்ல கனம். வெளிச்சம், தூரம் எல்லாவற்றையும் நாமே திருகி வைக்க வேண்டும். என் கை பிளாஸ்டிக் பக்கம்தான் போனது.

"அது வேணாம்ணே, இதை எடு," என்று கனமானதைக் காட்டினாள். "நீ ஒரு அவசரக்குடுக்கை. இதுன்னாத்தான் கொஞ்ச நேரமாச்சும் ஒரு இடத்துல நிப்ப."

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அதைத்தான் வாங்கினேன். வைகாசியில் அவள் கன்னியர் மடத்தில் சேரப் போகிறாள். அந்த நேரத்தில் அவள் எதைக் கேட்டாலும் வாங்கியிருப்பேன்.

மடத்துக்குப் போனால் முடியை வெட்டி முக்காடு போட்டுவிடுவார்கள். அவளுக்கோ இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. சின்னப் பிள்ளையாகக் கோவிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்று எடுத்த படத்துக்குப் பிறகு வீட்டில் அவள் படமே கிடையாது. மற்றதெல்லாம் என் செல்போனில் இருந்தது, செல்போன் தோட்டத்துக் கிணற்றில் விழுந்துவிட்டது.

"ஏலே, போன் படமெல்லாம் எனக்கு வேணாம்," என்றாள் அம்மா. "சுவத்துல மாட்டுற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடு. பிள்ளை முடியோட இருக்கணும்."

பிலிம் ஒரே ஒரு சுருள்தான் வரவழைத்திருந்தேன். அதன் முதல் படங்களைப் பழகுவதற்காக வீட்டுக் கொல்லையில் எடுத்தேன். சுவர், வாளி, கோழி என்று ஆரம்பித்து அவளிடம் வந்தேன். தலைக்குக் குளித்துவிட்டு, நைட்டியும் தோளில் துண்டுமாக முடியைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே குந்தி லென்ஸ் வளையத்தைத் திருகினேன். முகம் தெளிவாகிற நேரம் பார்த்து மேகமலைப் பக்கமிருந்து மேகம் வந்து வெளிச்சத்தைக் கெடுக்கும். மறுபடியும் முதலிலிருந்து திருக வேண்டும். உண்மையில் எனக்கு அது வசதியாகவும் இருந்தது. அவள் போகப்போவது தாங்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் இருந்தால் கண் கலங்குவது தெரியாது.

"எம்புட்டு நேரந்தான்ணே திருகுவ? முடியே காஞ்சுபோச்சு," என்று அவள் வாயைத் திறந்தபோது விரல் அழுத்திவிட்டது. வீணாய்ப் போனது ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவின் பட்டுச்சேலையைக் கட்டி, பின்னல் நிறைய மல்லிகையோடு திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்றாள். நான் அவசரப்படவில்லை. நின்று, நிதானித்து எடுத்தேன். சுருளில் கடைசிப் படம் முடியவும் பூசைக்கு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. சுருளை டப்பாவுக்குள் திருப்பிச் சுற்ற நேரமில்லை. அவள் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன், கேமராவை அம்மா வாங்கிக்கொண்டாள்.

எங்கள் ஊரில் எது புதிதாக வந்தாலும் கோவிலில் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வேண்டும். டிராக்டர் என்றால் பானட்டைத் திறந்து நிறுத்துவோம். தீர்த்தம் இன்ஜினில் பட வேண்டும். பைக் என்றால் சீட்டைத் தூக்கிவிடுவோம். பூசை முடிந்து சாமியார் தங்கையின் பெட்டியை மந்திரித்தார். வெளியே ஜீப்புக்குச் சொல்லிவிட்டு உள்ளே வந்த நான், பெட்டிக்குப் பக்கத்தில் கேமராவைப் பார்த்தேன். முதுகுப்புறம் அகலத் திறந்து கிடந்தது. பிலிம் போடும்போது நான் எந்தக் குமிழை இழுத்தேன் என்று அம்மா பார்த்து வைத்திருக்கிறாள். வெளிச்சமே படக்கூடாத சுருள்மேல் தீர்த்தம் மினுங்கியது.

"போச்சு. எல்லாம் போச்சு. என்னம்மா பண்ணி வச்சிருக்க?" கோவில் என்றும் பார்க்காமல் கத்தினேன்.

அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "உள்ள படணும்ல, அதான்..."

"விடுண்ணே," என்றாள் தங்கை. "அம்மா நல்லதுக்குத்தான திறந்துச்சு." அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே ஜீப்வரை நடந்தாள். அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மனசு கேட்காமல் சுருளைக் கழுவுவதற்குச் சென்னைக்கு அனுப்பினேன். மேல்சுற்றில் இருந்த பட்டுச்சேலைப் படங்கள் எல்லாம் வெளிச்சம் பட்டு வெந்துபோயிருந்தன. அடியில் இறுக்கமாகச் சுற்றியிருந்த முதல் படங்கள்தான் தப்பின. கலங்கலான சுவர், கலங்கலான வாளி, கலங்கலான கோழி. ஒன்றே ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. விரித்த முடி தோளெல்லாம் கிடக்க, அவள் என்னை வைதுகொண்டிருந்தாள்.

அம்மா அதைக் கண்ணாடி போட்டு, திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னாள். மாட்டினேன்.

அடுத்த முறை மடத்திலிருந்து போன் வந்தபோது அம்மாவே பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

"நைட்டியோடயா?" என்று தங்கை பதறினாள். "வீட்டுக்கு வாரவுக எல்லாம் பாப்பாகளே. கழட்டும்மா."

"கழட்ட மாட்டேன். பட்டுச்சேலையில நின்ன பிள்ளையை ஊரே பாத்துச்சு. இது நான் வளத்த பிள்ளை."

தங்கை என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அதுல ஒண்ணு எனக்கும் அனுப்பு. இங்கன வச்சுக்க விடுவாகளான்னு கேட்டுப் பாக்குறேன்."