மணப்பெண்ணின் அக்காவுக்குத் துணி இல்லை

எங்கள் தையல் கடை மேடம் சிக்கிராட்டின் வாயில் 'முடியாது' என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. யார் துணி மூட்டையோடு படியேறினாலும் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். "சனிக்கிழமைக்கா? தாராளமா!" அவருக்கென்ன, சொல்கிற வாய் மட்டும்தான் அவருடையது. தைக்கிற கை அபியோனாவுடையது. நான் காஜா எடுப்பேன், பொத்தான் வைப்பேன். லேஸ் துணி முழுக்க அவள் தலையில்தான் விழும்.

எங்கள் இபாடான் ஊரில் சனிக்கிழமை என்றால் கல்யாணம், இல்லாவிட்டால் சாவு விருந்து. எதுவானாலும் வீட்டார் ஒரே துணியைத் தேர்ந்தெடுத்து உறவுக்கெல்லாம் கொடுப்பார்கள். அந்தக் குடும்பத் துணியில் வந்தால்தான் நீ வீட்டு ஆள். வேறு துணியில் போனால் சோற்றுத் தட்டு உன்னைத் தாண்டிப் போகும். அதனால் வெள்ளிக்கிழமை எங்கள் கடை போர்க்களமாக இருக்கும். சட்டை முடியாத ஆட்கள் வந்து கத்துவார்கள். மேடம் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார். திட்டு வாங்குவது அபியோனா. எனக்கு வயிறெரியும்.

போன மாதம் அவள் தங்கை டிட்டிலோலாவுக்குக் கல்யாணம். தாய் போன பிறகு அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்ததே அபியோனாதான். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மயில்கழுத்து நிற லேஸ் எடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மொத்தமாக எங்கள் கடைக்கே கொண்டுவந்து கொட்டினார்கள். அது போதாதென்று அதே சனிக்கிழமைக்கு ஒரு சாவு வீட்டு வேலையையும் மேடம் வாங்கிப் போட்டார்.

அபியோனா கெஞ்சினாள். "மேடம், அந்த சாவு வீட்டு வேலையத் திருப்பிக் குடுத்துடுங்க. என் துணிய நான் இன்னும் பையை விட்டே எடுக்கல."

"பழைய கஸ்டமருடி, எப்படித் திருப்பறது? உனக்கென்ன கவலை? நீயே தையல்காரி. கடைசியில உக்காந்தா ஒரு மூச்சுல முடிச்சிர மாட்டே?"

கடைசி என்பது வரவே இல்லை. வாரம் முழுக்க அவள் நிமிரவில்லை. மதியம் நான் வாங்கி வைத்த, இலையில் அவித்த பயற்று மொய்ன்மொய்ன் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட அவளுக்குக் கை ஒழியவில்லை. வெள்ளிக்கிழமை கரண்ட் போனது. ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வாங்க மேடம் அவளைத்தான் அனுப்பினார். கரண்ட் இல்லாமல் அவள் மிஷின் ஓடாது, என் பொத்தான் வேலை நிற்காது.

அந்த இடைவெளியில்தான் மேடம் கத்தரியைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளையின் அத்தை பெங்கா அம்மா வருகிற நேரமாகிவிட்டது என்ற அவசரம். அவருடைய சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டித் தொலைத்தார். லேஸில் நல்ல பக்கம், பின்பக்கம் உண்டு, திருப்பி வைக்க முடியாது. மிச்சத் துணியும் இல்லை. மேடம் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு கூசாமல் அபியோனாவின் பையைத் திறந்தார்.

"மேடம், அது அபியோனா துணி!" என்று கத்தினேன்.

"எனக்குத் தெரியாதா? சும்மா இரு. அவளுக்கு வேற வாங்கித் தர்றேன்."

வேறு எங்கே வாங்குவது? குடும்பத் துணி கடையில் தொங்குமா? விரித்த துணியின் நட்டநடுவில் ஒரு வலது கையை வெட்டி எடுத்தார். மிச்சத்தில் ஒரு பாவாடைகூட வராது.

அபியோனா பெட்ரோல் கேனோடு வந்து நின்று பார்த்தாள். கேனைக் கீழே வைத்தாள். உட்கார்ந்து அந்தக் கையைச் சட்டையில் வைத்துத் தைக்கத் தொடங்கினாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

"உனக்கு ரோஷமே கிடையாதா? தூக்கி எறிஞ்சிட்டுப் போயேண்டி!"

"நான் போயிட்டா இந்த அம்மா துணி இல்லாம வந்து அங்க ரகளை பண்ணும். பேச்சு வாங்கறது டிட்டிலோலாதான். விடு."

கல்யாணத்துக்கு ஒரு பழைய பழுப்புக் கவுனில் போனாள். முன்வரிசைக்குப் போகக் கூச்சப்பட்டு என்னோடு கடைசி மேசையில் ஒடுங்கிக்கொண்டாள். மண்டபம் முழுக்க மயில்கழுத்து நிறம். அதில் பாதி அவள் கைத்தையல். கூலிக்குப் பரிமாற வந்த பெண் எங்கள் உடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஜொல்லோஃப் சோற்றை அடுத்த மேசைக்குக் கொண்டுபோனாள். என் வாய் சும்மா இருக்குமா? எழுந்தேன். அபியோனா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அப்போது ஒலிபெருக்கியில் பெண் வீட்டாரைப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். அவள் எழுவதற்குள் பெங்கா அம்மா மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஆண்டவனே, நல்ல வேளை, தையல்காரியே இங்க இருக்கா! ஏம்மா, வலது கை அக்குள்ல விட்டுப்போச்சு. பின்னால வா, ரெண்டு தையல் போடு. எங்களையும் கூப்பிடுவாங்க, சீக்கிரம்!"

அபியோனாவின் கை தன்னால் கழுத்துப்பட்டிக்குப் போனது. அங்கே எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும். இங்கேயுமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் ஊசியை உருவி அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்களே தச்சுக்குங்கம்மா. பாத்துத் தைங்க, அந்தக் கை என் துணியில வெட்டினது. நான் பொண்ணோட அக்கா. என்னைக் கூப்பிடறாங்க."

பழுப்புக் கவுனைத் தட்டிவிட்டுக்கொண்டு மேடையேறி, டிட்டிலோலாவை ஒட்டி நின்றாள்.