கடலைப் பங்கு கேட்ட கூட்டங்கள்

மொழிபெயர்ப்பாளர் வேலை என்பது, அடுத்தவர் சண்டையில் இரண்டு பக்கத்துக்காகவும் ஒரே ஆள் பேசுவது. வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேருக்கு நடுவே நீங்கள் தூது போயிருந்தால், நீங்களும் என் இனம்தான். இந்திய இழுவைப் படகுகள், எங்கள் ஆட்கள் 'றோலர்' என்பவை, வாரத்தில் சில நாள் நம் கடலில் மீன்பிடிக்க ஒப்பந்தம் போட்டு அனுமதி கொடுக்கலாமா என்று தீவுகளில் கருத்துக் கேட்கிறார்கள். கொடுத்தால் சிறு வள்ளக்காரர் பாடு அவ்வளவுதான். கொழும்பிலிருந்து வரும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியும். போதாக்குறைக்கு, கடலைக் கண்டால் கனவு காண்கிற பிறவி நான்.

பின்னேரக் கடல்

ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்கு அதிகாரியையும் என்னையும் ஏற்றிப் போனவர் யோசேப்பு அண்ணை. மீன்பிடிக்கப் போகாத நாட்களில் ஆட்களை ஏற்றுவார். கடல் மூச்சுக்கூட விடவில்லை. தண்ணீருக்கடியில் பாசி தலையசைத்தது, இழுதுமீன்கள் அவசரமில்லாமல் மிதந்து போயின. நான் தண்ணீரில் விரலை விட்டபடி பாதி நித்திரையில் இருந்தேன்.

வலை விடப் போகிற நேரம். ஆனால் தீவின் வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. இவ்வளவு நல்ல கடலில் ஏன் ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை, இன்று கோயில் திருநாளா என்று அதிகாரி கேட்டார். யோசேப்பு அண்ணை கரையைப் பார்த்தபடி சொன்னார்: "இண்டைக்கு றோலர் களவாய் வாற நாள் சேர். இப்ப வலை விட்டால் விடியக் கயிறுதான் மிஞ்சும்."

தேநீருக்குப் பிறகு

ஊர்காவற்றுறைக் கூட்டத்துக்கு இந்தியப் பக்கத்து மீனவர்களும் வந்திருந்தார்கள். அறுந்த வலைகளைப் பற்றி முதலில் பெரிய சத்தம். தேநீர் வந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. கச்சதீவுத் திருநாளில் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் அல்லவா, மகளின் கலியாணம், தாயின் சத்திரசிகிச்சை என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். யன்னலால் காற்று வந்தது. எந்தக் குரல் எந்தக் கரையுடையது என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாகக் கலந்து கேட்க, நான் மொழிபெயர்ப்பதையே மறந்துபோனேன்.

இவ்வளவு நேரமும் என்ன முடிவெடுத்தார்கள் என்று அதிகாரி தோளைத் தட்டினார். நான் திடுக்கிட்டு இந்தியப் பக்கத்துப் பெரியவரைப் பார்த்தேன். அவர் தேநீரைக் கீழே வைத்தார். "தப்புன்னு எங்களுக்கும் தெரியும்மா. எங்க பக்கத்துக் கடல்ல ஒண்ணும் மிச்சமில்ல, வேற எங்க போவோம்? அதையும் சொல்லுங்க."

றீற்றா அக்காவின் சத்தம்

அனுமதி வந்தால் வள்ளத்தை விற்றுவிட்டுக் கட்டாருக்குக் கூலி வேலைக்குப் போவதென்று யோசேப்பு அண்ணை முடிவெடுத்திருந்தார். அவருடைய மனைவி றீற்றா அக்கா, அனலைதீவில் நடந்த கடைசிக் கூட்டத்துக்கு முன்னால் என்னை மறித்தா. "தங்கச்சி, நீர் தாலாட்டுப் பாடுற மாதிரிச் சொல்லுறீர். நான் கத்தினால் நீரும் கத்தவேணும்."

கூட்டத்தில் அக்கா எழும்பிக் கேட்டா: "அவைக்கு அனுமதி குடுக்கிறது இருக்கட்டும். என்ர மனிசன் பயமில்லாமல் எங்கட கடலுக்குப் போக ஆரிட்டைப் போய் அனுமதி கேக்கிறது?" நானும் சிங்களத்தில் கத்தினேன். கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. எனக்கு அழுகை வந்தது. அதிகாரி குறிப்பேட்டை மூடிவிட்டு, இந்தக் கேள்விக்காகத் தன்னை அனுப்பவில்லை என்றார். அதை நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

அக்கா என்னையே பார்த்தா. "இதைச் சொல்ல மட்டும் உமக்குச் சத்தம் வரேல்லைப் பாரும்."

ஒப்பந்தம் இன்னும் முடிவாகவில்லை, ஆனால் முடிவாகிற நாளில் அதை யோசேப்பு அண்ணை வீட்டுக்குத் தமிழில் கொண்டுபோகப் போவதும் நான்தான் என்பதால், இப்போதைக்கு வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்.